ராகுவுக்குப் போன பழி

நான் பொய் சொல்கிறவன் என்பது பாகூர் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். கரும்பாலை எடைமேடையில் முப்பது வருஷம் எடைச்சீட்டுப் போட்டவன். மேடையில் ஏறியதும் மூச்சை அடக்கி நாற்பது கிலோ குறைத்துக் காட்டிய மாடு ஒன்றை எனக்குத் தெரியும். அந்தப் பழக்கம் முற்றி ஒரு நாள் மிதந்து போய்த் தொழுவத்து உத்தரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. கயிறு கட்டி இறக்கியவர்களில் நானும் ஒருவன்.

இனிச் சொல்லப்போவதில் மாடு கிடையாது.

எண்பத்தெட்டாம் வருஷக் கரும்பு அரவைக்கு ஆலையில் கம்ப்யூட்டர் வைத்தார்கள். மேலாளர் மணவாளனுக்கே மின்விசிறிதான். அதற்கு ஏசி அறை. அங்கிருந்து ஒயர் இழுத்து என் அறையில் ஒரு திரைப்பெட்டியும், சீட்டு அடிக்கிற பிரிண்டரும் வைத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள வந்தவள் ஜெயமணி. வில்லியனூர் பாத்திரக்கடைக்காரர் பெண். மெட்ராசில் படித்துவிட்டு வந்தவள். ஆறு மாதம் ஒழுங்காக ஓட்டிக் காட்டினால்தான் வேலை நிரந்தரம்.

அந்த மிஷின் பத்து நாளைக்கு ஒரு தடவை படுத்துவிடும். திரையில் ‘பேனிக்’ என்று ஒரு வார்த்தை, அதற்குக் கீழே நாலு வரி எண்கள். மறுபடி எழுப்ப முக்கால் மணி நேரம். அதுவரை கரும்பு வண்டிகள் சாலையில் வரிசை கட்டி நிற்கும், மாடுகள் நுரை தள்ளும். கம்பெனிக்காரர்கள் மெட்ராசிலிருந்து வந்து மெமரி அட்டையை இரண்டு தடவை மாற்றினார்கள். அவர்கள் இருந்த ஒரு வாரமும் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த மாதிரி அடக்கமாக ஓடியது. அவர்கள் பஸ் ஏறினார்கள்; மூன்றாம் நாள் படுத்தது.

“மிஷின்ல கோளாறு இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அப்ப ஓட்டுறவங்க கோளாறுதானே?” என்றார் மணவாளன். “இன்னொரு வாட்டி படுத்துச்சுன்னா உன் ஆர்டர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேம்மா.”

ஜெயமணி என் அறைக்கு வந்து மேசையில் ஒரு நோட்டைப் போட்டாள். மிஷின் விழுந்த நாளையும் நேரத்தையும் அதில் குறித்து வைத்திருந்தாள்.

“ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லண்ணே. லோடு ஜாஸ்தியா இருந்தாலும் விழுது, சும்மா இருந்தாலும் விழுது.”

நான் படித்தேன். திங்கள் ஏழு முப்பத்தொன்று. வெள்ளி பத்து முப்பத்திரண்டு. செவ்வாய் மூன்று ஒன்று. சனி ஒன்பது ஒன்று. புதன் பன்னிரண்டு இரண்டு.

எல்லாமே நாள்காட்டித் தாளில் அச்சடித்திருக்கிற நேரம். ராகு காலம் தொடங்குகிற நேரம். அந்த நேரத்தில் தினமும் என் பெட்டியை நிறுத்திவிட்டு, ஒன்றரை மணி நேரம் சீட்டைக் கையால் எழுதுகிறவன் நான்தான்.

ஏன் என்றால், எங்களுக்கு வேணு என்று ஒரே பிள்ளை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்குக் கால் மணி இருக்கும்போது, ஈரக்கையோடு பம்ப்செட் சுவிட்சைத் தொட்டான். அவ்வளவுதான். “ராகு காலத்துல தொட்டுட்டானே” என்று என் மனைவி கனகாம்பாள் மார்பில் அடித்துக்கொண்டாள். சுவிட்சுக்குப் போன ஒயர் தோலுரிந்து கிடந்தது ஒரு மாதமாக எனக்குத் தெரியும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. ராகு தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். என் அறைக்கு இந்தக் கரண்டுப் பெட்டி வந்த அன்று, நெஞ்சுவலியோடு படுத்திருந்தவள் என் கையில் சத்தியம் வாங்கினாள்: அந்த ஒன்றரை மணி நேரம் பெட்டி ஓடக்கூடாது.

ஜெயமணியிடம் ராகு காலத்தில் பெட்டியை நிறுத்துவதை மட்டும் சொன்னேன்.

“அண்ணே, மாட்டுக் கதைக்கு எனக்கு இப்ப நேரமில்ல.”

“சத்தியமா சொல்றேம்மா.”

என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, நோட்டை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மணவாளன் வரமாட்டார். காலை பத்து மணிக்கு, ராகு கிட்டவே இல்லாத நேரமாகப் பார்த்துச் சோதித்தோம். சீட்டு பாதி அச்சாகும்போது நான் பெட்டியை நிறுத்த வேண்டும். மூன்று தடவை ஒன்றும் ஆகவில்லை. நாலாம் தடவை ஏசி அறையிலிருந்து போன் அடித்தது.

“படுத்துடுச்சுண்ணே!” அழுதுகொண்டே சிரித்தாள்.

பிறகு வந்து விளக்கினாள். “உள்ள கெர்னல்னு ஒண்ணு இருக்கு. மெமரிய அதுதான் பங்கு போட்டுக் குடுக்கும், நம்ம யார்டுல வண்டிக்கு எடம் குடுக்குற மாதிரி. நீங்க பெட்டிய நிறுத்தினதும், வண்டி போயிடுச்சுன்னு நெனச்சு அந்த எடத்த வேற வண்டிக்குக் குடுத்துடுது. ஆனா பழைய வண்டி இன்னும் அங்கயே கரும்பு எறக்கிட்டு இருக்கு. சீட்டு பாதியில இருந்தாத்தான் இப்படி. ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல.”

“ராகு இல்லன்னு எனக்குத் தெரியும்மா” என்றேன்.

“கம்பெனிக்கு எழுதியிருக்கேன், சரி பண்ண மூணு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் பெட்டிய நிறுத்தாதீங்க. என் வேலை உங்க விரல்லதாண்ணே இருக்கு.”

மறுநாள் திங்கட்கிழமை. ஏழரை மணிக்கு விரல் தானாகச் சுவிட்சுக்குப் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்பது மணி வரை மிஷின் ஓடியது. நான் சட்டை நனைய உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கனகாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு பழியை அதன் இடத்தில் வைத்தாகிவிட்டது, இன்னொன்றையும் வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

“வேணுவ ராகு ஒண்ணும் பண்ணல. ஒயரு உரிஞ்சி கெடந்துது. எனக்குத் தெரியும். நான்தான் மாத்தாம வுட்டுட்டேன்.”

என் பக்கம் திரும்பினாள். பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

“போய்யா. என் மனசு ஆறணும்னு உன் தலையில இழுத்துப் போட்டுக்கிறியா? நாப்பது வருசமா உன் கதைய கேக்குறேன், எனக்குத் தெரியாதா? உன்கூட மாரடிச்சதுல மாடு பறந்தத கூட நம்பிட்டேன். இத நம்ப மாட்டேன்.”

“கனகா, நெசமாத்தான்…”

“அத வுடு. இன்னிக்குப் பெட்டிய நிறுத்தினியா?”

“நிறுத்தினேன்.”

“சரி” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அதை நம்பினாள். பங்குனியில் அவள் போய்ச் சேருகிற வரைக்கும் தினமும் கேட்டாள், தினமும் நம்பினாள்.