துண்டுக்குள் ஒரு கை

துண்டுக்கு அடியில் ஒரு கை என் கையைப் பிடித்திருக்கிறது, உச்சிவெயிலில் களத்தில் காயும் காப்பிக்கொட்டைக்குள் கையை நுழைத்தால் தொடுமே, அந்தச் சூடு, சுற்றிலும் தொப்பிக்காரர்கள் படமெடுக்கிறார்கள், மலைக்காப்பிப் பணத்தில் எழும்பிய தெருக்களைச் சீட்டு வாங்கி நடந்து பார்க்க வந்தவர்கள், நானும் சீட்டு வாங்கித்தான் வந்திருக்கிறேன், நாற்பது வருசம் தரகுக்கு அலைந்த தெருவுக்கு. சற்றுமுன்தான் வழிகாட்டி அருள்தாஸ் ஒரு மாளிகையைக் காட்டி, மூணு மாடி, பாத்துக்கிடுங்க என்றான், எனக்கல்லவா தெரியும், முகப்புதான் மூன்று மாடி, பின்னால் ஒன்றரை, காப்பி விலை ஏறிய வருசம் எழும்பி, இறங்கிய வருசம் நின்றுபோனது, முகத்தைக் காட்டித்தானே சரக்கைத் தள்ளுகிறோம், சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் திரும்பினேன், செண்பகவடிவு இல்லை, போன ஐப்பசியோடு என் வீட்டுக்காரி இல்லை, அதற்கப்புறம் என் கையைத் தொட்டவர்கள் மிச்சச் சில்லறை கொடுக்கும் கடைக்காரர்கள்தான். அந்தக் காலத்துல விலைய வாயால சொல்ல மாட்டாங்க, துண்டுக்குள்ள விரலப் பிடிச்சுத்தான் பேரம், எத்தன விரலோ அதான் விலை, படியுற வரைக்கும் கைய விடக் கூடாது, யாராச்சும் வாங்க, ஐயா நீங்க வாங்க, என்று அருள்தாஸ் கூப்பிட்டான், போனேன்.

இரண்டு விரலைப் பிடிக்கிறான், தலையாட்டி மறுக்கிறேன், மூன்று, மறுக்கிறேன், கட்டுப்படியாகாதுங்க ஐயா, நானும் புள்ளகுட்டிக்காரன் என்று நடிக்கிறான், கூட்டம் சிரிக்கிறது, படிந்துவிட்டால் இந்தக் கை போய்விடும், வெற்றிலை ஒருதரம் மெல்லுவதற்குள் பேரம் முடித்து அடுத்த கிடங்குக்கு ஓடியவன் நான், ஆனால் வடிவோடு மட்டும் முடித்ததே இல்லை, தாய்வீட்டில் எத்தனை நாள் தங்குவது என்பதையும் முந்தானைக்குள் விரல் பிடித்தே பேசுவாள், போன ஐப்பசியில், ஆஸ்பத்திரியில் பேச்சு நின்ற பிறகும் போர்வைக்குள் என் விரலைத் தேடுகிறாள், எத்தனை நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் கேட்கிறாளென்று நான்கு என்கிறேன், மறுக்கிறாள், மூன்று, மறுக்கிறாள், நாளைக்கே என்று ஒற்றை விரல் கொடுக்கிறேன், அதற்கும் தலையசைக்கிறாள், என்ன ஏவாரம்டி இது, விக்கவும் மாட்டேங்கிற, எந்திரிச்சு ஒரு டீ குடிக்கவும் விட மாட்டேங்கிற என்கிறேன், கண்ணை மூடியபடி சிரிக்கிறாள், பிடி தளரவில்லை, பிடிவாதக்காரி என்று நினைத்தேன். ஐயா, அஞ்சு விரலும் குடுத்துட்டேன், இனி என் கையில என்ன இருக்கு, என்கிறான் அருள்தாஸ், அதற்கும் தலையாட்டுகிறேன், ஆட்டும்போதே தெரிகிறது, விலையா கேட்டாள் அவள், கையை விடாமலிருக்கத்தானே.

ஒத்துக்கிடுங்கய்யா, வெயில் ஏறுது, என்று கெஞ்சலாகச் சிரிக்கிறான், அவன் உள்ளங்கையை ஒருமுறை அழுத்துகிறேன், படிந்தது என்று அர்த்தம், கை போய்விடுகிறது, துண்ட வச்சிக்கிட்டு மெதுவா வாங்க என்று கூட்டத்தை ஓட்டிக்கொண்டு அடுத்த மாளிகைக்குப் போகிறான், மூணு மாடி, மூணு மாடி என்று குரல் தேய்கிறது, துண்டுக்கு அடியில் என் கை மட்டும், அதில் அந்தக் காப்பிக்கொட்டைச் சூடு ஆறிக்கொண்டிருக்க, மெல்ல ஒற்றை விரலை நீட்டுகிறேன், நாளைக்கே, வடிவு, நாளைக்கே என்கிறேன், மறுக்க ஒரு கை இல்லை.