சிவப்புப் புள்ளி, வெள்ளைக் கோடு

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். என் மனைவி பூட்டியிருந்தால் இரண்டு தடவை இழுப்பேன். அப்படிப்பட்ட நான் லாரியின் என்ஜினை மொத்தமாகப் பிரித்து இன்னொருவர் கையில் கொடுக்கிற நிலைமை வந்தது.

அந்த இன்னொருவர் என் தங்கையின் கணவர். நல்ல மெக்கானிக் என்று ஊரே சொல்லும். ஊர் சொல்வதையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை.

குவாரியிலிருந்து மலைமேல் அணை வேலைக்குக் கல் ஏற்றிப் போகிற வண்டி என்னுடையது. மூன்றாவது வளைவு வந்தால் மூச்சு வாங்கும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே என் பரம்பரையை விசாரிப்பார்கள். மாப்பிள்ளைதான் யோசனை சொன்னார். உள்சாமான்களை மாற்றிவிடலாம், வார்ப்பு பிஸ்டனை எடுத்துவிட்டு அடித்து உருவாக்கிய பிஸ்டன், அதோடு கோக்கிற கனமான கனெக்டிங் ராட், புது கேம் ஷாஃப்ட் எல்லாம் போட்டால் மேட்டில் நாலாவது கியரிலேயே ஏறும் என்றார். ராடும் மற்றவையும் அவர் பொறுப்பு. பிஸ்டன்களை மட்டும் நானே நேரில் போய் வாங்கி வந்தேன்.

பட்டறையில் அதே மாதிரி என்ஜின் உள்ள இன்னொரு லாரியும் பிரித்துக் கிடந்தது. என் பிஸ்டன் அதற்குள் போகாது என்று என்ன நிச்சயம்? பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்னால் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, மனைவியின் நகப்பூச்சை எடுத்து, ஆறு பிஸ்டன்களுக்கும் அடிப்பக்கம் ஆளுக்கொரு சிவப்புப் பொட்டு வைத்தேன். பாட்டிலை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

என்ஜின் கோக்கிற நாளில் மாப்பிள்ளை பட்டறையின் ஷட்டரைப் பாதி இறக்கி என்னை வெளியே நிறுத்திவிட்டார். தூசி விழக்கூடாதாம். தூசிக்குத்தானா, இல்லை எனக்கா என்று யோசித்தபடி வாசலில் நின்றேன். வண்டியைத் திருப்பித் தரும்போது இன்னொன்றும் சொன்னார்.

"மச்சான், அடியில எதையும் தொட்டுடாதீங்க. ராட் போல்ட்டெல்லாம் அளவு வச்சு இறுக்கி, குறுக்கே வெள்ளைக் கோடு போட்டிருக்கேன், திருகினா கோடு விலகித் தெரிஞ்சுடும். ஒரு தடவை கழட்டினா அந்த போல்ட் செத்துச்சு. புதுசுதான் போடணும். இல்லன்னா மேட்டுல அறுந்துக்கிட்டு, ராட் என்ஜினைக் கிழிச்சுட்டு வெளிய வரும். அப்புறம் லோடோட வண்டி பின்னாடி போக வேண்டியதுதான்."

பார்க்க வேண்டாம் என்று இவ்வளவு நீளமாகச் சொல்கிறார் என்றால் பார்க்க ஏதோ இருக்கிறது. எனக்கு அப்படித்தான் பட்டது.

மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்பினேன். டக் டக் என்று உள்ளே யாரோ கதவு தட்டுவதுபோலச் சத்தம். தேய்ந்துபோன பழைய பிஸ்டன் போடுகிற சத்தம் எனக்குத் தெரியாதா? இருபது வருஷமாகக் கேட்டவன். போனில் கேட்டேன்.

"அது அப்படித்தான் இருக்கும் மச்சான். இந்த பிஸ்டன் சூட்டுல அதிகமா விரியும். அதுக்குத்தான் இடைவெளி கூட விட்டிருக்கேன். பத்து நிமிஷம் ஓடட்டும், தானா அடங்கிடும்."

அடங்கியது. ஆனால் என் சந்தேகம் அடங்கவில்லை.

அந்த வாரமே தங்கை துணிப்பையோடு வீட்டுக்கு வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அவர் வேலை சட்டையில நகப்பூச்சுக் கறைண்ணே. நகக்கண்ணுல கூட இருந்துச்சு. நான் பூசறதே கிடையாது. கேட்டா, எனக்கே தெரியலடிங்கறார். தெரியாம எப்படிண்ணே ஒட்டும்?"

இந்த இடத்தில் என் மரமண்டைக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கோபம் கண்ணை மறைத்தது. எவளோ ஒருத்திக்காக என் பிஸ்டனை விற்றுவிட்டான் என்று கதையை நானே எழுதி நானே முடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, லாரிக்கு அடியில் படுத்தேன். எண்ணெயை வடித்து, என்ஜினின் அடித்தொட்டியான ஆயில் சேம்பரை இறக்கி, டார்ச் அடித்துப் பார்த்தேன். சிவப்பு எங்கேயும் இல்லை. ராட் மறைக்கிறதோ என்று ஒரு சின்னச் சந்தேகம். முதல் சிலிண்டரின் ராட் மூடியில் வெள்ளைக் கோடு போட்டிருந்த இரண்டு போல்ட்டையும் கழற்றி, ராடை ஒதுக்கி, அடிப்பக்கம் முழுக்கப் பார்த்தேன். சுத்தமாக, துடைத்து வைத்ததுபோல இருந்தது. ஒரு பொட்டும் இல்லை. அதே போல்ட்டைக் கைப்பழக்கத்துக்கு இறுக்கி, எல்லாவற்றையும் மாட்டினேன். திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை முழு லோடோடு மலையேற்றிப் பார்ப்பது என்று முன்பே பேசியிருந்தோம். முதல் ஏற்றம் தானே ஓட்டிப் பார்ப்பதாக மாப்பிள்ளை சொல்லியிருந்தார். ஓட்டிவிட்டு வரட்டும், எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கலாம் என்று நான் காத்திருந்தேன். போல்ட்டைப் பற்றி அவர் சொன்னதை நான் அடியோடு பொய் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் அவர் வந்தார். தங்கையைப் பார்த்துத் தயங்கி நின்றார். அவள் உள்ளே போய்ப் பையிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து வந்து அவர் காலடியில் வீசினாள். அவர் முகம் சுண்டிப்போய், சாவியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

என் மனைவி சட்டையை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள்.

"இது என் பாட்டில் கலராச்சே!"

தங்கை அவளை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"என்ன அண்ணி சொல்றீங்க?" என்றாள் மெல்லிய குரலில்.

சட்டையிலிருந்து தின்னர் நெடி அடித்தது. கோப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சாமானையும் தின்னரில் கழுவித் துடைப்பது மாப்பிள்ளையின் வழக்கம். பட்டறையில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். நகப்பூச்சு தின்னரில் கரையும் என்று என் மனைவிக்குத் தெரியும், தங்கைக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

"பூசினது நான்தான்," என்றேன். "பிஸ்டன்ல." மேலே விளக்கம் சொல்ல நேரமில்லை. பிஸ்டனில் அவர் ஏமாற்றவில்லை என்றால் போல்ட்டைப் பற்றிச் சொன்னதும் நிஜம்தான், அதைத்தான் நான் கழற்றியிருக்கிறேன். போன் அடித்தேன். வண்டி ஓட்டும்போது அவர் போன் எடுக்கமாட்டார். பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். குவாரிக்குப் போனால் லோடு ஏற்றிக் கிளம்பியாயிற்று என்றார்கள். ஐயோ, தங்கச்சி வாழ்க்கையை என் கையாலேயே முடித்துவிட்டேனே என்று வாய்விட்டுப் புலம்பிக்கொண்டே போனேன். மலை அடிவாரத்து எடை மேடையில் நாலு லாரி வரிசை. மூன்றாவது எங்களுடையது.

கதவைப் பிடித்துத் தொங்கினேன். "மாப்பிள்ளை, நிறுத்துங்க! நான் கழட்டிட்டேன்!"

பிஸ்டனை அவர் திருடிவிட்டார் என்று நான் சந்தேகப்பட்டதைக்கூட அப்போதே கொட்டிவிட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

"எந்த சிலிண்டர்?"

"ஒண்ணாம் நம்பர். ரெண்டு போல்ட்டும்."

என்ஜினை அணைத்தார். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, எதிரே தெரிந்த மேட்டைப் பார்த்தார்.

வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். சேம்பரை இறக்கினார். பத்து போல்ட்டில் வெள்ளைக் கோடு நேராக இருந்தது. இரண்டில் கோடு முறிந்து, பாதி ஒரு பக்கமும் பாதி இன்னொரு பக்கமுமாக நின்றது. அவற்றில் ஒன்று விரலால் சுற்றினாலே சுற்றியது. அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

தங்கை அன்று மாலையே வீட்டுக்குப் போனாள். போகும்போது என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

புது போல்ட் போட்டு, கோடு போட்டு, மறுநாள் வண்டி மூன்றாவது வளைவை நாலாவது கியரிலேயே ஏறியது. நான்தான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கீழே வந்ததும் எண்ணெய் கசிகிறதா என்று குனிந்து பார்த்தேன். ஆயில் சேம்பரைச் சுற்றி இருபத்திரண்டு சின்ன போல்ட். அத்தனைக்கும் குறுக்கே புது வெள்ளைக் கோடு.

"இந்த போல்ட்டெல்லாம் எத்தனை தடவை வேணாலும் கழட்டலாமே மாப்பிள்ளை. இதுக்கு எதுக்குக் கோடு?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது என்ஜினுக்கு இல்ல மச்சான்," என்றார். "உங்களுக்கு."