பொருந்தும் பதிவு இல்லை

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, வெள்ளவத்தையில் புடவைக் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அலுவலகத்தில், ஒரு கையில் மரக்கறி ரோல்ஸும் மறு கையில் போனுமாக நான் இருந்தேன். மறுமுனையில் டில்ஷானி. கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன மருத்துவ நிலையத்தின் பதிவு மேசையில் வேலை செய்பவள். நோயாளியின் பெயரைத் தட்டினால் பழைய குறிப்புகளைத் தேடியெடுக்கும் மென்பொருளை அவர்களுக்குச் செய்து கொடுத்தது நாங்கள்தான். நாங்கள் என்றால், நான்.

"அக்கா, பழனியம்மான்னு ஒருத்தர் வந்திருக்காங்க. போன வருஷமும் வந்தேன்னு சொல்றாங்க. ரெண்டு தரம் அடிச்சுப் பாத்தேன், பேர் வரல்ல. புது ஆளா பதிஞ்சிட்டேன். பிரச்சினை இல்லதானே?"

"பிரச்சினை இல்ல, பிறகு சேத்து விடுறன்," என்றேன். ரோல்ஸ் ஆறிவிடுமே என்ற கவலை எனக்கு.

சாப்பிட்டு, கை துடைத்து, சும்மா ஒரு தடவை என் கணினியில் அந்தப் பெயரைத் தட்டினேன். பொருந்தும் பதிவு இல்லை. செல்லையா என்று தட்டினேன். இல்லை. கௌரி. இல்லை. மூவாயிரம் பேர் வந்து போன இடத்தில் ஒரு கௌரி கூடவா இருக்க மாட்டாள்? 

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு வேலை பார்த்திருந்தேன். குறிப்புகளைச் சொல் சொல்லாகப் பிரித்துத் தேடல் அட்டவணையில் போடும் விதியை மாற்றியிருந்தேன். முன்பு அது இடைவெளியில் மட்டும் வெட்டும், அதனால் காற்புள்ளியும் அடைப்புக்குறியும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். புதிய விதி ஒரே வரி: எழுத்துகள் தொடர்ந்து வரும் இடத்தை எடு, மற்றதை எறி. எழுதிவிட்டு நானே ரசித்துப் பார்த்தேன், அவ்வளவு மண்டைக் கனம். நம்முடைய தமிழெழுத்தின் விசிறி, கொம்பு, புள்ளியெல்லாம் அந்த விதியின் கணக்கில் எழுத்தே இல்லை, எழுத்தில் ஒட்டிய வெறும் குறி. ஒவ்வொரு குறியிலும் வெட்டி, பழனியம்மாவை 'பழன', 'யம', 'ம' என்று மூன்று துண்டாக்கிப் போட்டு வைத்திருந்தது. தேடும் பெட்டியோ முழுப் பெயரைக் கேட்கிறது. எங்கே கிடைக்கும்?

சோதிக்காமலில்லை. பெரேரா, பெர்னாண்டோ, சிவகுமார் என்று பத்துப் பெயரைச் சோதித்தேன், பத்தும் ஆங்கிலத்தில். வீட்டில் தமிழ், பஸ்ஸில் சிங்களம், விசைப்பலகையில் ஆங்கிலம் என்று பழகிப்போன விரல்கள். தமிழ்ப் பிள்ளை நான், தமிழில் ஒரு பெயரைத் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

தேடல்தான் செத்துப் போயிருந்தது, பதிவுகள் பத்திரமாக இருந்தன. மூலக் கோப்பைத் திறந்து கண்ணாலேயே தேடினேன். 'பழனியம்மா, 54, கொச்சிக்கடை. பென்சிலின் வகைக் குளிசை எதுவும் கொடுக்கக் கூடாது. தொண்டை வீங்கி, மூச்சுத் திணறி, அம்புலன்ஸில் அனுப்பியது.'

அப்படி ஒரு பயம் என் வாழ்நாளில் பட்டதில்லை. எங்கள் முதலாளி ஸ்ரீஸ்கந்தராசாவின் மேசைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"முதல்ல அதைத் திருத்தும். ஒரு வரிதானே? அரை மணித்தியாலத்தில ஏத்திவிட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

"அரை மணித்தியாலத்தில அந்த மனிசி குளிசையைப் போட்டிடுவா."

"எங்கட பிழை எண்டு நாங்களே சொன்னா நாளைக்கு இந்தக் கந்தோரைப் பூட்ட வேண்டியதுதான். யோசியும், தனுஷியா."

யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது, ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிப்பதில்லை. பிறகு அவர் பார்த்துக்கொண்டிருக்கவே போனை எடுத்தேன். வேறு அழைப்பில் இருந்தது. திரும்ப அடித்தேன், அதே. ஐந்தாவது தடவைதான் மணி போனது.

"டில்ஷானி, பழனியம்மாவுக்கு என்ன மருந்து குடுத்தது?"

"கால்ல ஆணி குத்திச் சீழ் கட்டியிருக்கு. டொக்டர் எமொக்சிசிலின் எழுதினாரு. ஏன் அக்கா?"

"அது பென்சிலின் வகை. அவவுக்கு ஆகாது. பழைய பதிவு இருக்கு, நான்தான் பிழையாச் செய்து வச்சிருக்கிறன். அவ எங்க?"

அவள் குரல் சிறுத்துப் போயிருந்தது.

"அவங்க சொன்னாங்க அக்கா. ஏதோ ஒரு மருந்து ஒத்துக்காது, பேர் தெரியாது, ஒங்க கம்பியூட்டர்ல எழுதியிருக்கும் பாருங்கன்னு சொன்னாங்க. நான் பாத்துட்டு, ஒண்ணும் இல்ல, பயப்படாமப் போடுங்கன்னு சொன்னேன். மொதக் குளிசைய இங்கேயே போட்டுக்கிறேன்னு தண்ணி கேட்டாங்க. கிளாஸ்ல ஊத்தி மேசையில வச்சேன்."

"குடிச்சவவா?"

"தெரியாது. நான் அடுத்த ஆளப் பதிஞ்சிட்டிருந்தேன். இப்ப ஆளக் காணல்ல."

"டொக்டரிட்டச் சொல்லு. ஓடு."

போன் மேசையில் விழுந்த சத்தம் கேட்டது. கதவு இழுபடும் சத்தம், "பழனியம்மா, பழனியம்மா" என்று அவள் கூப்பிடுவது. அந்தக் குரல் தெருவுக்கு இறங்கி, "கொட்டுவ, கொட்டுவ" என்று போகுமிடத்தைச் சொல்லி ஆள் சேர்க்கும் பஸ் கொண்டக்டரின் கத்தலுக்குள் போய்விட்டது. நான் ஸ்பீக்கரைப் போட்டேன். ஸ்ரீஸ்கந்தராசா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் யாரோ போனை எடுத்தார்கள். வயதான ஆணின் குரல். மருந்துக்கு வந்தவராக இருக்க வேண்டும்.

"ஹலோ, யாருங்க? இங்க யாருமில்ல. டொக்டரும் அந்தப் பொண்ணும் ரோட்டுக்கு ஓடுறாங்க."

"ஐயா, போனை வச்சிடாதேங்கோ. அந்த மேசையில தண்ணிக் கிளாஸ் ஒண்டு இருக்கா?"

"இருக்கும்மா, அந்தப் பக்கம்."

"அதில தண்ணி இருக்கா?"

"இருங்க, பாக்கிறேன்," என்றார். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து, மெதுவாக, அவர் மேசையைச் சுற்றி நடக்கும் சத்தம் கேட்டது.