ரோலர் ஓடிய மைதானம்

தாத்தா மூன்று யுத்தங்களில் இருந்தவர். பள்ளித் தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் முழங்கியதுபோல் "பகைவரை நடுங்க வைத்த போர்ச் சிங்கம்" எல்லாம் இல்லை. முதல் யுத்தத்தில் கண்ணிவெடி புதைத்தார். இரண்டாவதில் எதிரி புதைத்ததைத் தோண்டினார். மூன்றாவதில், முதல் யுத்தத்தில் நம்மவர்களே புதைத்துவிட்டு வரைபடத்தைத் தொலைத்ததைத் தேடினார். தொலைத்தவருக்குப் பதவி உயர்வு. தேடியவருக்குப் பதக்கம்.

ஓய்வுபெற்று வந்த பிறகும் அவர் வெறும் மண்ணில் கால் வைக்கமாட்டார். சிமென்டோ தாரோ, நிம்மதி. மண் என்றால், யாராவது மிதித்த தடத்தில்தான் அடுத்த அடி.

இன்று பேத்தியின் ஓட்டப்பந்தயம். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. போன வருடம் பாதி ஓட்டத்தில் தாத்தாவைத் தேடி நின்றுவிட்டாள். அவரோ பள்ளி வராந்தாத் தூணுக்குப் பின்னால்.

"இந்தத் தடவை கயித்துக்கிட்ட நிக்கணும். வரலைன்னா நான் ஓடவே மாட்டேன், சொல்லிட்டேன்."

"வரேன்டி."

ஓட்டம் முடியும் எல்லைக் கயிறு மைதானத்தின் நடுவே. அதைக் கட்டிய பிறகு, சிறப்பு விருந்தினர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கவேண்டும் என்று தலைமையாசிரியர் இரண்டு முறை ரோலர் ஓடவிட்டிருந்தார். ஒரு காக்கைக் கால்கூட இல்லை. மற்றவர்களுக்கு அது மைதானம். தாத்தாவுக்கு, எதையோ புதைத்துவிட்டு நன்றாக மூடிய இடம்.

சிமென்ட் விளிம்பில் குழாய்வரை போனார், வந்தார். ஷூ கயிற்றை அவிழ்த்தார், கட்டினார். மறுபடி குழாய்.

"என்னங்க, கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்றாள் மனைவி.

"கயித்தை நடுவுல கட்டியிருக்கான்."

"பின்னே, உங்களுக்காகக் கக்கூஸ் வாசல்லயா கட்டுவான்?"

பிள்ளைகள் எதிர்ப்புறச் சிமென்ட் விளிம்பில் வரிசையாக நின்றுவிட்டார்கள். வாலு கயிற்றைப் பார்த்தாள். பிறகு தூணைப் பார்த்தாள்.

மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் இறங்கினாள்.

"அம்மா! அம்மா! தடம் விழுது! சீஃப் கெஸ்ட் இன்னும் வரலை!" போர்ச் சிங்கத்தைப் புகழ்ந்த அதே ஒலிபெருக்கி அலறியது.

"அவருக்கு மண்ணைக் காட்டவா புள்ளைங்களை வரச் சொன்னீங்க?" திரும்பாமலே கேட்டாள். அழுத்தி அழுத்தி நடந்தாள். அந்தச் சின்னத் தடங்களில் தாத்தாவின் பெரிய ஷூ ஒவ்வொன்றாக இறங்கியது. முகமெல்லாம் வியர்வை.

"கொஞ்சம் எட்டி வையேன்."

"எட்டி வைக்க எனக்கென்ன இருபது வயசா? வந்தா வாங்க."

பெற்றோர் வரிசையில் சிரிப்பு கிளம்பியது. ஐந்து பதக்கங்கள் மார்பில் குலுங்க, சிங்கம் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு கயிற்றடிக்கு வந்து சேர்ந்தது.

தடம்தான் விழுந்தாயிற்றே என்று விளையாட்டு ஆசிரியர் விசில் ஊதினார். வாலு நிற்கவில்லை. ஆறு பேரில் நான்காவதாக வந்து தாத்தாவின் வயிற்றில் மோதினாள்.

"பாத்தியா தாத்தா?"

"பாத்தேன், பாத்தேன்." கண் மட்டும் மண்ணில். மைதானம் முழுக்கச் சின்னச் சின்னக் கால்கள் உழுதிருந்தன.

"திரும்பவும் நான்தான் முன்னாடி போகணுமா?" என்றாள் மனைவி.

"வேணாம். நீ பின்னால வா." வாலு ஓடிவந்த தடத்தில் ஷூவை வைத்தார்.

வாசலில் விருந்தினரின் கார் ஹாரன். தலைமையாசிரியர் பதறிக் கைகாட்ட, ரோலர் உறுமிக்கொண்டு மண்ணில் இறங்கியது.

"யோவ், நிறுத்துய்யா!" ஒலிபெருக்கி இல்லாமலே தாத்தாவின் குரலில் மைதானம் அதிர்ந்தது. "நாங்க இன்னும் கரை ஏறலை!"