பஞ்சு சுமந்த மூட்டைகள்

கிடங்கில் சுமை தூக்கும் பஞ்சு ஒரு மூட்டையைத் தூக்கினால், இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டில் அவர் மனைவிக்குத் தோள் வலித்தது. முழு மூட்டைக்கு முழு வலி, அரை மூட்டைக்கு அரை வலி. அவருக்கு ஒரு வலியும் தெரியாது. காற்றைச் சுமப்பது போல ஐம்பது கிலோவைச் சுமப்பார் என்பதால் கூட வேலை பார்த்தவர்கள் பஞ்சு என்று பெயர் வைத்தார்கள். அவரும் இருபத்தாறு வருஷம் அந்த உடம்பை நினைத்து மார்தட்டிக்கொண்டார். லாரி வராத நாட்களில் தோள் வலிப்பதில்லை என்பதை மனைவி கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். சொன்னால் மனுஷன் மூட்டையைத் தொடமாட்டார், தொடாவிட்டால் அடுப்பு எரியாது என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு மதியம் அவர் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டைக் கொடுக்க அவள் கிடங்குக்கு வந்தபோது விஷயம் அம்பலமானது. பஞ்சு ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றினார், வாசலில் நின்றவளின் வலது தோள் இறங்கியது. இறக்கினார், நிமிர்ந்தது. மேஸ்திரிக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு தடவை தூக்கச் சொன்னார். நான்காவது தடவை சொன்னபோது பஞ்சு அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

அன்றிலிருந்து மனுஷனுக்கு நிம்மதி போயிற்று. வலது தோளுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று பாசத்தோடு இடது தோளில் சுமந்தார். ஒரே வாரத்தில் அவளுக்கு இரண்டு தோளும் போய், துணி காயப்போட முடியாமல் ஆயிற்று. தலையில் சுமந்தார், அவள் கழுத்து பிடித்துக்கொண்டது. அவள் தூக்கினால் தனக்கு வலிக்குமோ என்ற நப்பாசையில் ஒரு குடம் தண்ணீரை அவள் கையில் கொடுத்தும் பார்த்தார். அவளுக்கேதான் வலித்தது. பஞ்சு சமையலறை மூலையில் உட்கார்ந்து அழுதார்.

டாக்டரம்மா ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தசைநார் கிழிஞ்சிருக்கு. மூட்டை தூக்குறவங்களுக்குத்தான் இப்படி வரும். என்ன வேலை பாக்குறாங்க?"

"வீட்லதாங்க இருக்கா. மூட்டை தூக்குறது நான்."

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். மாத்திரை, வெந்நீர் ஒத்தடம், சுவரில் விரலால் மெல்ல மேலே ஏறும் பயிற்சி என எல்லாவற்றையும் மனைவிக்கு எழுதிவிட்டு, பாரம் தூக்கக்கூடாது என்ற வரியை மட்டும் கணவர் பெயருக்கு எழுதினார்.

பஞ்சு துணிக்கடை வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். பாதிச் சம்பளம், பிளாஸ்டிக் நாற்காலி. வலி குறைந்தது, ஆனால் போகவில்லை. அவள் விரல்கள் சுவரில் காது மட்டம் வரை ஏறி அங்கேயே நின்றன. கிழிந்தது கிழிந்ததுதான், இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தினமும் அவள் தலையை அவரே வாரிவிட்டார், கோணல் வகிடு எடுத்து. இரண்டு வருஷம் கழித்து மகளுக்குப் பெண் பிறந்தது. எல்லோரும் மாறி மாறித் தூக்கினார்கள். மனைவி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தூக்க ஆசையில்லையா என்று யாரும் கேட்கவில்லை. பஞ்சுவுக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. அவரும் குழந்தையைத் தூக்கியதே இல்லை.

பேத்திக்கு மூன்று வயதானபோது, நாற்காலியில் ஏறி நின்று சட்டென்று தாத்தாவின் தோளில் தாவி உட்கார்ந்துகொண்டாள். பஞ்சு பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார். சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. அவருக்கு உயிரே போயிற்று. குழந்தையின் இடுப்பைப் பிடித்து இறக்கப் போனார்.

"இறக்கிடாதீங்க" என்றாள் மனைவி, உள்ளிருந்தே.

"வலிக்குதா?"

"வலிக்குது."

பேத்தி அவர் தலைமுடியைப் பிடித்து ஆட்டினாள். அவருக்கு எப்போதும் போல ஒரு கனமும் தெரியவில்லை.

"பதிமூணு கிலோ இருப்பா" என்றாள் மனைவி. "வலது பக்கமா சாஞ்சு உக்காந்திருக்கா. விழுந்துடப்போறா, நல்லாப் பிடிச்சுக்குங்க."

பஞ்சு பேத்தியை நேராக உட்காரவைத்துக்கொண்டு கூடத்தை ஒரு சுற்று சுற்றினார்.