வால் வெட்டின தேத்தண்ணி

1

சர்க்!

ரத்னா நாற்பதாவது வாலை வெட்டினாள். இன்னும் பத்து பாக்கி. கீழே நோர்வூட் கடைத்தெருவில் ஹட்டன் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டுவிட்டது. புருஷன் தம்பையா படியேறி வர ஏழு நிமிஷம். முழங்கால் வலித்தால் ஒன்பது.

சர்க்! தேயிலைப் பையைக் கிழித்துத் தூளை டின்னில் கொட்டினாள். நூலையும் அதன் நுனியில் இருந்த பச்சை அட்டையையும் அடுப்பில் போட்டாள். வாசலில் செருப்புச் சத்தம்...

[இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். ரத்னா அக்கா என் பக்கத்து வீடு. "துணி வெட்டணும் தம்பி" என்று இரவல் வாங்கிப் போன என் கத்தரிக்கோல் தேயிலை வாசனையோடு திரும்பி வந்தது. தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன் சும்மா விடுவானா? கேட்டேன். சொன்னாங்க. "எழுதுங்க. அவருக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரியாது, அவரு லொத்தர் சீட்டு ரிசல்ட்டத் தவிர ஒண்ணும் வாசிக்க மாட்டாரு."]

[முதலில் எழுதிய ஆரம்பம்: 'பனி போர்த்திய மலைச்சாரலில் ஒரு...' அடித்துவிட்டேன். அன்றைக்குப் பனியே இல்லை. சுள்ளென்று வெயில்.]

2

தம்பையா தோட்டத்து ஃபெக்டரியில் முப்பது வருஷம் தேயிலைத் தூள் சலித்தவர். ஒரு மடக்குப் போதும். எந்த மலைக் கொழுந்து, மழைக்கு முன்னால் எடுத்ததா பின்னால் எடுத்ததா என்று சொல்லிவிடுவார். (சொல்லிவிடுவதாக அவர்தான் சொல்லுவார்.) பைத் தேத்தண்ணி என்றால் அவருக்கு ஆகாது.

"வாலப் புடிச்சி முக்கி எடுக்க நான் என்ன எலியா புடிக்கிறேன்?"

ரத்னா அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். பக்கத்து நிரையில் பூரணி. பத்து மணிக்குத் தேத்தண்ணி வரும். சீனியைக் கோப்பையில் போடுகிற பழக்கம் இல்லை. உள்ளங்கையில் வைத்து, ஒரு நக்கு, ஒரு மடக்கு. ரத்னா சீனிப் பொட்டலத்தை லயத்து வீட்டிலேயே மறந்துவிட்டு வரும் நாள்களில் பூரணி தன் கைச் சீனியில் பாதியை அவள் கையில் தட்டிவிடுவாள். கொழுந்துக் கறை ஏறிய அந்த உள்ளங்கையிலிருந்து விழுந்த சீனிக்கு இருந்த இனிப்பு...

[இந்த வரியை முடிக்க எனக்குத் தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.]

செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாள் பதிவில், பேர் உள்ளவர்களுக்குத் தோட்டம் மாசாமாசம் தூள் கொடுக்கும். போன வருஷம் வேலையை விட்டு நோர்வூட்டுக்கு இறங்கியதும் ரத்னாவின் பேர் போய்விட்டது. ஆனால் தூள் நிற்கவில்லை. மாசத்து முதல் ஞாயிறு தோறும் தம்பையா தோட்டத்துக்குப் போய், பூரணி தன் பங்கில் கட்டிக் கொடுக்கும் பேப்பர் பார்சலோடு வருவார். ரத்னாவுக்கு அது வெறும் தூளா? 'ஒன்ன மறக்கலடி' என்று பூரணி அனுப்பும் சேதி. நேரில் போய்ப் பார்க்கலாமென்றால், மலை ஏறக் கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். பூரணியிடம் போனும் கிடையாது.

பார்சல் பாதி மாசத்துக்குத்தான் வரும். மீதிக்குக் கடையில் நல்ல தூளாக வாங்கிக்கொண்டிருந்தாள். கரண்ட் பில் ஒரு பக்கம், தம்பையாவின் முழங்கால் மருந்து ஒரு பக்கம் என்று இழுக்க, ஹட்டன் சூப்பர்மார்க்கெட் தன் சொந்தப் பேரிலேயே போட்டு விற்கும் மலிவான பைகளுக்கு மாறினாள். வாலை வெட்டி, டின்னில் கலந்தாள்.

3

தம்பையா கோப்பையை வாங்கினார். ஒரு மடக்கு. கண்ணை மூடினார்.

[மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்று: துப்புகிறார். இரண்டு: கோப்பை பறக்கிறது. மூன்றாவது கீழே. உண்மையில் நடந்ததும் அதுதான்.]

"ஆஹா! பூரணி குடுத்த தூளுன்னா பூரணி குடுத்த தூளுதான்."

"நெசமாவா?"

"முப்பது வருஷம் சலிச்சவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

ரத்னாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் பயமும். எனக்கு வந்தது சந்தேகம். முப்பது வருஷ நாக்கு ஏமாறுமா? வாசகர்கள் கடிதம் போட்டுக் கிழிப்பார்களே! இந்த ஆள் கதாபாத்திரமாகவே தேறமாட்டார் போலிருந்தது.

4

அடுத்த முதல் ஞாயிறு. தம்பையா பார்சலை நீட்டிவிட்டுக் கால் கழுவப் போனார். ரத்னா டின்னில் கொட்டினாள். தூளோடு தூளாக ஒன்று விழுந்தது.

ஒரு துண்டு நூல். நுனியில் பச்சை அட்டை.

தான் வெட்டிய வால்களை எல்லாம் எரித்தது நிச்சயம். இது பூரணியின் பார்சலுக்குள் இருந்து வந்தது. கையை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஏங்க... பூரணி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா." தண்ணீர் சத்தம் நின்றது. "ஒன்னக் கேட்டா."

"என்னா கேட்டா?"

இரண்டு காலையும் துடைத்து முடித்துவிட்டுச் சொன்னார். "ரத்னா இன்னமும் உள்ளங்கையிலதான் சீனி வச்சிக் குடிக்கிறாளான்னு கேட்டா."

ரத்னா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

5

ரத்னா அக்கா நேரே என் வாசலுக்கு வந்தாங்க.

"தம்பி, இந்தக் கத்தரிக்கோல அவருக்கும் குடுத்தீங்களா?"

மாட்டிக்கொண்டேன். ஆமாம், கொடுத்தேன்; மேலே சந்தேகம் என்று எழுதியது சும்மா. மாசத்துக்கு ஒரு தடவை என் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, அதே பைகளின் வாலைத்தான் அவரும் வெட்டினார். தைப்பொங்கல் கழிந்ததுமே பூரணி தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். "சொன்னா ஒடஞ்சி போயிருவா தம்பி" என்றார் அவர். எட்டு மாசமாக இப்படித்தான்.

ரத்னா அக்கா நூலை விரலில் சுற்றினாங்க, அவிழ்த்தாங்க.

"அப்ப பூரணி ஒரு வார்த்த கேக்கல. இவரா கட்டி விட்டதுதான்."

நான் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினேன். பூரணியின் மகள் லோஜினியைத் தேடிப் பிடித்து வாங்கிய, பூரணி வேலை செய்யும் கொழும்பு வீட்டு நம்பர். அக்கா அதை நூலோடு சேர்த்து மடித்துக்கொண்டு படியிறங்கினாங்க. கூப்பிட்டார்களா, அடுப்பில் போட்டார்களா, தம்பையா அண்ணனிடம் காட்டினார்களா? அதை நான் எழுதப் போவதில்லை. கத்தரிக்கோல் வாசிக்கிற உங்களிடமே இருக்கட்டும். எங்கே வெட்டுகிறீர்களோ அங்கே முடிவு.

ஆனால் இன்னொன்றை அக்காவிடமும் மறைத்தேன், உங்களிடமும் மறைத்தேன். அந்த நம்பருக்கு முந்தின நாளே நான் பேசிவிட்டேன். 'ரத்னா அக்கா வீட்டுக்குப் பக்கத்துல இருந்து பேசுறேன்' என்றதும், நான் யார் என்றுகூடக் கேட்காமல் பூரணி கேட்டது:

"அவ இன்னமும் சீனிய மறந்துட்டுத்தான் வாறாளா? கையில தட்டிவிட யாரு இருக்காங்க?"