பதில் சொல்லக் கூடாத சந்திப்பு

எனக்கு வாய் ஜாஸ்தி என்று சூரமங்கலம் கோயில் பங்கில் தெரியாதவர்கள் கிடையாது. சண்டைக்குப் போகிற வாய் இல்லை, சும்மா இருக்க முடியாத வாய். எங்கள் தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற அன்பியத்துக்கு என்னைத் தலைவியாகப் போட்டதே அந்த வாய்க்காகத்தான். இருபத்தாறு குடும்பத்தில் இப்போது கூடுவது ஏழு. அதிலும் இரண்டு பேர் சுண்டல் கொடுக்கிற நேரத்துக்குத்தான் வருவார்கள்.

பங்குத்தந்தை ஒரு சனிக்கிழமை அன்பியத் தலைவர்கள் எல்லோரையும் கோயில் ஹாலில் உட்கார வைத்தார். படுத்துக் கிடக்கும் அன்பியங்களை எழுப்புவது எப்படி என்று பயிற்சி. ஜெரின் என்பவர் மதுரையிலிருந்து லேப்டாப்போடு வந்திருந்தார். சாயங்காலம் எங்களுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தார்.

"வராம நின்னுபோன ஒருத்தர் வீட்டுக்குப் போங்க. நாற்பது நிமிஷம் அவங்க பேசட்டும். நீங்க பதில் சொல்லக் கூடாது, விளக்கம் கொடுக்கக் கூடாது, மன்னிப்புக்கூடக் கேட்கக் கூடாது. கேட்டுட்டு மட்டும் வாங்க."

ஹாலே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பக்கத்தில் இருந்த அறிவுச்செல்வி, "அக்சிலியாக்கா, பிளாஸ்திரி வாங்கியாரட்டுங்களா?" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. செய்து காட்டுகிறேன் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

யார் வீட்டுக்குப் போகிறோம், ஏன் என்று எழுதக் கொடுத்த படிவத்தில் தோமினிக் அண்ணன் பெயரை எழுதினேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், என் வீட்டுக்கு எதிர்வரிசையில் நாலாவது வீடு. மனைவி மரியபுஷ்பம் அக்கா இறந்ததிலிருந்து அன்பியத்துக்கு வருவதில்லை. பூசைக்குக்கூட டவுன் பஸ் ஏறி வேறு கோயிலுக்குப் போகிறார். அவர் வந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்று காரணம் எழுதினேன். உண்மைக் காரணம் வேறு. நாலு வருஷமாக அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. சொல்லத் துணிச்சல் இல்லாமல், அவர் வாசலைக் கடக்கும்போதெல்லாம் நடையை எட்டிப் போட்டே காலம் தள்ளிவிட்டேன். இந்தப் பயிற்சியைச் சாக்காக வைத்து உள்ளே போய்விடலாம், முதலில் கேட்போம், பிறகு சொல்வோம் என்று இருந்தது.

மறுநாள் ஞாயிறு சாயங்காலம் போனேன். அவர்தான் கதவைத் திறந்தார்.

"என்னம்மா, அதிசயமா?"

"சும்மாதானுங்கண்ணா. நீங்க பேசறதைக் கேட்டுட்டுப் போலாம்னு."

தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார்.

"கொரோனா சமயத்துல போனா. ஆனா நோவு அதில்லை, நெஞ்சுவலி. டாக்டரே எழுதிக் குடுத்தாரு. அதையும் சேர்த்துத்தான் அன்பியக் குரூப்புல போட்டேன். எல்லாரும் கைகூப்பற பொம்மை அனுப்புனீங்க. ஒருத்தரும் வரலை."

தலையாட்டினேன்.

"ஒரு சாவுன்னா அன்பியத்தார் வந்து ஜெபமாலை சொல்லுவாங்க. ஒருத்தர் முன்பாதி சொன்னா மத்தவங்க பின்பாதி. அன்னிக்கு முன்பாதியும் நானே சொன்னேன், பின்பாதியும் நானே சொன்னேன். ஜெபமாலையோட அம்பத்து மூணு மணிக்கும்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உன் மாமியார் செத்தப்ப மூணு நாள் உங்க ஊட்டுல சோறாக்கிப் போட்டவ அவ. சொல்லிக் காட்டலை சாமி. அவளை எடுத்த அன்னிக்கு நீ ஜன்னல்ல நின்னு பாத்தே. நானும் உன்னைப் பாத்தேன். அப்புறம் ஜன்னலைச் சாத்திக்கிட்டே. ஏம்மா சாத்துனே?"

கேட்டுவிட்டு நிறுத்தினார். பதில் வாய்வரை வந்துவிட்டது. பயந்துட்டேனுங்கண்ணா என்ற ஒரே வார்த்தைதான். ஜெரின் சொன்னது குறுக்கே வந்து நின்றது. ஹாலில் எழுந்த சிரிப்பும் காதில் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் தலையாட்டினேன். பிறந்ததிலிருந்து அடங்காத வாயை அந்த ஒரு இடத்தில் அடக்கினேன், பாவி.

அவர் காத்திருந்தார். கடைசியில் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சரிம்மா. மழை வர்ற மாதிரி இருக்குது. பாத்துப் போ."

வீட்டுக்கு வந்ததும் ஜெரினுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "சூப்பர் மேடம், இதுதான் உண்மையான கேட்டல். படிவத்துல எழுதிடுங்க," என்றார். போனைத் தூக்கி எறியலாமா என்றிருந்தது. அவரைச் சொல்லி என்ன, கேட்டு ஆடியவள் நான்தானே.

விடிந்ததும் பால்கூட வாங்காமல் ஓடினேன். தோமினிக் அண்ணன் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அண்ணா, பயந்துட்டேனுங்க. நான் செஞ்சது பெரிய தப்பு, மன்னிச்சிருங்க. நேத்தே சொல்லியிருப்பேன். பயிற்சியில பதில் பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அதானுங்க..."

அந்தக் கடைசிப் பேச்சை ஏன் பேசினேனோ. அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"பயிற்சியா?"

"கோயில்ல வச்சாங்க. நின்னுபோனவங்களைப் போய்ப் பாக்கச் சொல்லி."

"நேத்து நீயா வந்தேன்னு நெனச்சேன்," என்றார். முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். "அப்ப, இன்னிக்கு மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்களா?"

"ஐயோ, இல்லைங்கண்ணா. இது நானா வந்தது," என்றேன். அவர் குனிந்து வாளியை எடுத்தார். திரும்பவும் சொன்னேன். மூன்றாம் முறை சொல்லும்போது எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. நான்காவது முறைக்கு வாயைத் திறந்தேன்.

"சரி சாமி, நம்பறேன்," என்றார், என்னைச் சீக்கிரம் அனுப்பிவைப்பதற்காக.